பாலில் ஊறிய பல்

எகிப்தின் தன்தா ரயில் நிலையத்தில் வண்டி வரவு அறிவிக்கும் ஷவ்கிக்குக் குரல்தான் சொத்து. பெருநாள் நெருங்கிய ஒரு ராத்திரி, அந்தச் சொத்தின் வாசற்கதவு, அதாவது முன்பல்லில் பாதி, உடைந்து போயிற்று. “அலெக்ஸாந்திரியா” என்று சொல்லிப் பார்த்தார். ரயில் இல்லாமலே விசில் வந்தது.

உடைந்த விதத்தை வெளியே சொல்ல முடியாது. மனைவி இன்ஷிராஹ் முதுகொடியக் கஹ்க் என்னும் பெருநாள் பிஸ்கட் சுட்டு, சர்க்கரைத் தூள் தூவி, சொந்தக்காரர் வீட்டுக்கு ஒன்றாகத் தகர டப்பாக்களில் அடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். பெருநாள் தொழுகை முடியும்வரை யார் கையும் படக்கூடாது. அவள் தராவீஹ் என்னும் நோன்பு கால இரவுத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, ஷவ்கி முன்னாலிருந்த டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்தார். உள்ளே வால்நட் ஓடு. கடக் என்றது. அதே நேரம் வாசலில் செருப்புச் சத்தம். கடித்த கஹ்க்கைப் பல்லோடு டப்பாவில் போட்டு மூடிவிட்டு முன்னறைக்கு ஓடினார்.

“படியில வழுக்கிட்டேன்.”

அவள் பதறவில்லை. அவர் மீசையையே பார்த்தாள்.

“எந்தப் படியில?”

“கடைசிக்கு முந்தின படியில.”

“முட்டியில ஒரு சிராய்ப்பைக்கூடக் காணோமே?”

“பல்லு முந்திக்கிச்சு.”

தெருக்கோடிப் பல் டாக்டருக்குப் போன் போட்டாள். துண்டு கிடைத்தால் பாலில் போட்டு உடனே கொண்டுவரச் சொன்னார் அவர். அதையே ஒட்டிவிடலாமாம், உடைந்த அடையாளமே தெரியாதாம். இன்ஷிராஹ் கணவரை உட்காரவைத்து, பால் எடுக்க உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. பிறகு கிளாஸை ஒரு தட்டால் மூடிக்கொண்டு வந்து, படியில் தேடிவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள்.

ஷவ்கிக்கு இது புதிதாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் திட்டாமல் வாசல் தாண்டியதில்லை. ஏதோ இருக்கிறது. ஆனால் நாளைக் காலை மைக் முன்னால் விசிலடித்தால் பயணிகள் சிரிப்பார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்க மாட்டார். கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து முன்னால் இருந்த டப்பாவை இழுத்தார்.

கடித்த கஹ்க்கைக் காணோம். துண்டு பக்கத்து கஹ்க்கில் ஒட்டியிருக்குமோ என்று ஒன்றைப் பிட்டார். இல்லை. இன்னொன்று. வெள்ளைச் சர்க்கரைத் தூளில் வெள்ளைப் பல்லைத் தேடுவது லேசான காரியமா? கடைசியில் டப்பா நிறையத் தூள்தான் மிஞ்சியது.

நிமிர்ந்தால், கதவருகே இன்ஷிராஹ்.

“படியில கிடைச்சுதா?” என்று கேட்டுவைத்தார்.

அவள் கிளாஸ் மேலிருந்த தட்டை எடுத்தாள். பாலுக்கடியில் பல்.

“படிக்கு யாரு போனா? வாசல்லதான் நின்னேன். உங்க மீசையில சர்க்கரையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீங்க கடிச்சது எங்கம்மா வீட்டுக்கு வெச்ச டப்பா. பால் எடுக்கப் போனப்பவே அதைப் பல்லோட எடுத்துட்டேன்.”

“அப்ப இது?”

“உங்க அக்கா வீட்டு டப்பா. நான்தான் முன்னால நகர்த்தி வெச்சேன்.”

ஷவ்கி டப்பாவிலிருந்த தூளைப் பார்த்தார். வருஷாவருஷம் அக்கா ஒவ்வொரு கஹ்க்கையும் திருப்பிப் பார்த்து, பதம் சரியில்லை, கைப்பக்குவம் போதாது என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து “ஆமாக்கா” என்று தலையாட்டுவது அவர்தான்.

“கிளம்புங்க,” என்றாள் இன்ஷிராஹ். “பல்லை டாக்டர் ஒட்டிடுவாரு. கஹ்க்கை நீங்க ஒட்டி, உங்க கையாலேயே அக்காகிட்ட கொடுத்துடுங்க.”