பீன்ஸ் கொடி நரம்பு

"மாப்ளே, ஒரே ஒரு கேள்வி. என்ன நரம்பு போட்டுத் தூண்டில் கட்டுறே?"

மீன்பிடிப் பருவம் தொடங்க இன்னும் ஐந்தே நாள். வெர்லினின் மனைவி லோரீனுடைய அண்ணன் ஆர்னி, சமையலறை மேசையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். வெர்லின் கையில் பாதி கட்டிய தூண்டில்: இரண்டு முள், கோத்த வண்ண மணிகள் ஐந்து, பளபளவென்று சுழலும் ஒரு தகடு. மண்புழு கோத்துப் படகில் இழுத்துப் போனால் வால்ஐ என்ற ஏரி மீன் கடிக்கும்.

அந்த ஊர் ஏரியில் மீன் பிடிக்கிற யாரும் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்வதில்லை. ஆர்னியிடம் சொல்லவே முடியாது. முதல் நாள் பெரிய மீன் பிடிப்பவருக்குத்தான் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விடுமுறை வாரம் மாமியாரின் ஏரிக்கரை வீடு. மூன்று வருடமாக அது வெர்லினுக்கே கிடைத்து வந்தது. எல்லாம் அந்த விலை உயர்ந்த ஃப்ளூரோகார்பன் நரம்பின் புண்ணியம். பழைய உருளை தீர்ந்துபோய், நேற்றுத்தான் அதே நரம்பில் புது உருளை வாங்கியிருந்தார்.

"லோரீன் தோட்டத்துல பீன்ஸ் கொடி ஏத்துற நைலான் நரம்புதான் மச்சான்," என்றார் வெர்லின்.

அடுப்படியில் நின்ற லோரீன் திரும்பினாள். "என்னங்க, அது வந்து..."

"நீ சும்மா இரு."

ஆர்னி நரம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நம்பிவிட்டார்.

மறுநாள் கடைக்குப் போனால், ஆணியிலிருந்து மண்புழு வரை விற்கும் கிளெம் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"தூசி படிஞ்சு கிடந்த பீன்ஸ் நரம்பு நாப்பது உருளை, காலையிலேயே காலி! ஆர்னி ஊரெல்லாம் சொல்லிட்டாரு. ஆனா ஒண்ணு, சில பேர் நீ கதை விடுறேங்குறாங்க."

கதை என்று தெரிந்தால் ஆர்னி உஷாராகிவிடுவார். "கதையா? நான் கட்டியே காட்டுறேன்," என்றார் வெர்லின்.

புதன்கிழமை சர்ச் விருந்தில் காட்டச் சொன்னார்கள். பீன்ஸ் நரம்பில் ஒன்று கட்டிக் காட்டினார். பாதிரியார் தனக்கொன்று கேட்டார். பாதிரியாருக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஊருக்கே முப்பத்தாறு தூண்டில் கட்டினார். நல்ல தகடும் மணியும் அதிலேயே போயின. ஃப்ளூரோகார்பனில் தனக்கென்று கட்ட மிஞ்சியது இரண்டுதான்.

"என் பீன்ஸுக்கு நரம்பு எங்கங்க?" என்றாள் லோரீன்.

"கடையிலயே இல்ல."

"அப்போ அந்தப் புது உருளையைக் குடுங்க."

"விளையாடுறியா? அதோட விலை தெரியுமா?"

"தெரியாமலா? நானே உங்ககிட்ட ஒண்ணு..."

"பருவம் தொடங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

சனிக்கிழமை விடிந்ததும் ஏரி முழுக்கப் படகுகள். கனமான ஃப்ளூரோகார்பன் நரம்பில் வெர்லினின் தூண்டில் விறுவிறுவென்று இறங்கி, அடியில் பாசியில் சிக்கியது. இழுத்தால் பாசி வந்தது. மறுபடி போட்டால் மறுபடி பாசி. பத்து மணிக்கு முதல் தூண்டில் அறுந்தது, பதினொன்றுக்கு மற்றது. நைலான் லேசு, அவ்வளவு ஆழம் இறங்காது; சுற்றிலும் பீன்ஸ் நரம்புக்காரர்கள் பாசிக்கு மேலே நோகாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். பாதிரியார்கூட மூன்று பிடித்தார். ஆர்னி பிடித்தது இருபத்தேழு அங்குலம்.

மறுநாள் அன்னையர் தினம். மாமியார் ஆர்டிஸ் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, ஏரிக்கரை வீட்டுச் சாவியை ஆர்னியிடம் கொடுத்தார்.

ஆர்னி சாவியைத் தூக்கிக் காட்டினார். "இது மாப்ளே குடுத்த மீன்மா. தோத்தாலும் பரவாயில்லன்னு ரகசியத்தைச் சொன்ன மனுஷன். மாப்ளே, உன்னை மாதிரி ஒருத்தன் கிடையாதுய்யா."

வறுத்த மீனைக் கையில் பிடித்தபடி வெர்லின் பார்த்தார். வீடு போயிற்று. இந்தப் பாராட்டையாவது தாங்கிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"பொய் மச்சான்! உன்னை ஏமாத்தத்தான் சொன்னேன்! மூணு வருஷமும் நான் ஜெயிச்சது ஃப்ளூரோகார்பன்ல!"

ஆர்னி முள்கரண்டியைக் கீழே வைத்தார். லோரீன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டிஸ் வாயைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, நாலு வருஷத்துக்கு முன்னாடி சர்ச்சுல கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிட இவரோட ஃப்ளூரோகார்பன் உருளையைக் காலி பண்ணிட்டு, உன் பீன்ஸ் நரம்பைத்தானே அதுல சுத்தி வெச்சோம்... இன்னுமா நீ சொல்லல?"