சாஃப்ட்வேரா நின்ன ஒத்திகை அண்ணன்

சாஃப்ட்வேரை வாங்குறதுக்கு முன்னாடியே அதை நின்னு நடிச்சுக் காட்டுன மனுசன் இந்த உலகத்துலயே ஒருத்தர்தான். எங்க ஒத்திகை அண்ணன். அமெரிக்காவுல போயி சல்லடை போட்டுச் சலிச்சாலும் இன்னொருத்தர் அகப்பட மாட்டாரு.

மார்க்கையன்கோட்டை போற ரோட்டுல எங்க வாழைக்காய் கம்பெனி. சுத்துவட்டாரத்துல வெட்டுற நேந்திரங்காயை வாங்கி, கழுவி, பெட்டி போட்டு கேரளாவுக்கு அனுப்புறது வேலை. பில்லு போடுற பொண்ணு நான், பில்லிங் செக்‌ஷன். அண்ணன் லாரி அனுப்புற மேனேஜர். எதைச் செஞ்சாலும் ஒருக்கா ஒத்திகை பாத்துட்டுத்தான் செய்வாரு. பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல போயி உக்காந்து, பஜ்ஜி தின்னு, வெக்கப்பட்டுப் பாத்தவரு. அவருக்குப் பெத்தவுக வச்ச பேரு கம்பெனியில யாருக்கும் ஞாபகம் இல்ல.

ஒருநாள் மொதலாளி எல்லாரையும் கூப்பிட்டாக. கொள்முதல், குடோன், பில்லிங், லாரி, சம்பளம் எல்லாத்தையும் ஒண்ணா கோக்குற சாஃப்ட்வேர் வருது, ஈஆர்பினு பேரு, ஓணம் சீசனுக்குள்ள எல்லாரும் அதுக்கு மாறிறணும்னாக. ஆளுகளைத் தயார் பண்ற பொறுப்பை ஒத்திகை அண்ணன் தலையில கட்டிட்டு, "ஓணத்துக்கு ஒரு லோடு நின்னாலும் சாஃப்ட்வேரும் வேணாம், நீயும் வேணாம்"னு ஒரு போடு போட்டாக. மொதலாளி விளையாட்டுக்குச் சொல்ற ஆளு இல்ல. அண்ணனோ மகளை அப்பத்தான் தேனியில காலேஜ்ல சேத்துவிட்டிருந்தாரு. நாங்க எல்லாரும் அவரைப் பரிதாபமாப் பாத்தோம். அவரு முகத்துல மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை.

மறுநாளே காய் கழுவுற முத்தத்துல சுண்ணாம்பால கட்டம் போட்டாரு. இது குடோன், இது பில்லிங், இது லாரி. ஆளுக்கொரு கட்டத்துல எங்களை நிறுத்திட்டு நடுவுல அவரு விறைச்சுக்கிட்டு நின்னாரு. "இப்ப நான்தான் சாஃப்ட்வேர். என்கிட்டச் சொல்லாம ஒரு காய் நகரக் கூடாது"ன்னாரு. குடோன்காரரு வாழைத்தாரைத் தூக்கிக்கிட்டு வந்து "நேந்திரன், ஒரு தார்"னு சொல்லணும். அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டினாத்தான் அடுத்த கட்டம். எடையைச் சொல்ல மறந்தா, "தவறு. மீண்டும் முயலவும்"னு ரயில்வே ஸ்டேசன் மைக் மாதிரி ஒரு குரல். நாலு பேரு ஒரே நேரத்துல பேசிட்டாப் போச்சு, நின்ன இடத்துலயே ராட்டினமாச் சுத்த ஆரம்பிச்சுருவாரு. "சுத்திக்கிட்டிருக்கு, பொறுங்க"ன்னு அவரே சொல்லவும் செய்வாரு. ரோட்டுல போன பஸ்சு நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போச்சு.

வீட்டுலயும் அதே கூத்துதான். மதினி எனக்கு போன் போட்டு அழாத குறை. கோரிக்கை வச்சு, அனுமதி வாங்கி, அப்புறம்தான் காபி குடிக்கிறாராம். ஒருநாள் எரிச்சல்ல மதினி "நிராகரிக்கப்பட்டது"ன்னு சொல்லிட்டாக. கோவப்படுவாருனு பாத்தா, "அப்படித்தான் சொல்லணும், நீ நல்லாப் புரிஞ்சுக்கிட்ட"னு சந்தோசமா வெறும் வயித்தோட வேலைக்கு வந்துட்டாராம்.

கூத்தோ என்னமோ, நாங்க தேறிட்டோம். லோடு ஏத்துற ஆளுக கூட எந்திரிச்சதும் எடை சொன்னாக. எனக்கே ராத்திரி கனவுல பில்லு ஓடும். எப்படா அந்த சாஃப்ட்வேர் வரும்னு தீபாவளிக்குக் காத்துக்கிடக்குற பிள்ளைக மாதிரி கிடந்தோம். தேறாதது ஒரே ஒருத்தர். மொதலாளி.

அவுக வாயால சரினு சொல்ற வழக்கமே கிடையாது. துண்டை ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோளுக்கு மாத்தினா சரி. உதறினா வேணாம். கழுத்தைச் சுத்திப் போட்டா சோத்துக்கு அப்புறம் கேளு. அவுக அப்பா காலத்துல இருந்து கம்பெனி ஓடுனதே இந்தத் துண்டுலதான். சாஃப்ட்வேரு துண்டைப் பாக்குமா? லாரி கிளம்பணும்னா மொதலாளி அவுக செல்போன்ல பாஸ்வேர்டைப் போட்டு, சம்மதம்னு அமுக்கணும்.

அந்த நாளும் வந்துச்சு. ஓணத்துக்கு முதல் லோடு. குமுளி மலை ஏறிக் கேரளா போக வேண்டிய லாரி வாசல்ல உறுமிக்கிட்டு நிக்குது. எல்லாரும் எல்லாத்தையும் ஏத்திட்டோம். மொதலாளி துண்டை மாத்துனாக. ஒண்ணும் நடக்கல. திருப்பி மாத்துனாக.

"ஐயா, எங்களுக்கு விளங்கிருச்சு. அதுக்கு விளங்காதுங்க"ன்னாரு அண்ணன்.

"அப்ப நீயே அமுக்கு. பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தவன் நீதான"ன்னு மொதலாளி செல்லை நீட்டுனாக. அண்ணன் கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. பழைய பில் புக்கை எடுக்கலாம்னா, அதை முந்தின நாளே பரண்ல ஏத்திட்டு ஏணியை ஒளிச்சு வச்சுட்டாரு மனுசன். "அண்ணே, அமுக்கிருங்க, வேலை போயிரும்"னு காதைக் கடிச்சேன்.

"இன்னைக்கு நான் அமுக்கினா என்னைக்கும் நான்தான் அமுக்கணும் ஆத்தா. அதுக்கு எதுக்கு சாஃப்ட்வேரு"ன்னாரு.

சொல்லிட்டு, மொதலாளி முன்னாடி போயி நெஞ்சை நிமித்தி நின்னாரு. "ஐயா, இப்ப நான்தான் உங்க செல்லு. வலது தோளு சம்மதம், இடது தோளு வேணாம். தொடுங்க." மொதலாளி முறைச்சாக. லாரிக்காரரு ஹாரன் அடிச்சாரு. அப்புறம் என்ன தோணுச்சோ, ஒரு விரலை நீட்டி வலது தோளைத் தொட்டாக. "ஏற்றுக்கொள்ளப்பட்டது"ன்னு கணீர்னு ஒரு குரல். மொதலாளிக்கு மீசைக்குள்ள சிரிப்பு. இன்னொருக்கா தொட்டாக. மூணாவது தடவை தோள் இருந்த இடத்துல அண்ணன் செல்லை நீட்டியிருந்தாரு, விரல் சம்மதத்துல விழுந்துச்சு. என் பக்கத்துல பிரிண்டர் கடகடன்னு பில்லைத் துப்புச்சு. லோடு ஆளுக விசிலடிச்சாக, நான் அழுதேன், லாரி கிளம்பிருச்சு.

அதோட விட்டாகளா? பொம்மை கிடைச்ச பிள்ளை கணக்கா அன்னைக்குப் பூரா மொதலாளி செல்லை யார்கிட்டயும் குடுக்கல. டீசலா, சரி. லீவா, சரி. டீத்தூளா, சரி. வரிசையில நின்ன அத்தனையும் சம்மதம்.

மறுநாள் காலையில கேட்டுல இருக்குற வருகைப் பதிவு மிசின்ல அண்ணன் விரலை வச்சாரு. மிசின் சிவப்பு காட்டுச்சு. நான் ஓடிப்போயி கம்ப்யூட்டர்ல பாத்தா, அண்ணன் ராஜினாமா பண்ணிட்டாருனு இருக்கு. சம்பளப் பகுதிக்கும் ஒத்திகை பாக்கணும்னு எப்பவோ தன் பேருலயே ராஜினாமா ஒண்ணு ஏத்தி வச்சிருந்திருக்காரு, காரணம் 'கழுதை மேய்க்கப் போகிறேன்'னு. மொதலாளி அதுக்கும் சம்மதம் அமுக்கிட்டாக.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டும் அண்ணன் உள்ள வரல. மொதலாளியே இறங்கி வந்து துண்டை மாத்துனாக. "துண்டு செல்லாதுங்க ஐயா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். கிட்டப் போயி பாத்தாத்தான் தெரிஞ்சுச்சு, அவரு மட்டும் சிரிக்கல.

"சிஸ்டத்துல நான் இல்லையே ஆத்தா. நான் சொல்லிக்குடுத்த ரூலை நானே மீறினா இங்கன எவன் கேப்பான்?"

மொதலாளி என்னைப் பாத்து, "புதுசா சேத்துவிடு ஆத்தா இவனை"ன்னாக. நான் என் கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். பேரு, ஊரு, படிப்பு எல்லாம் ஏத்துனேன். கடைசியில 'இவரை வேலைக்குப் பரிந்துரைத்தவர்'னு ஒரு கட்டம், ஒரே ஒரு பேருக்குத்தான் இடம். கழுவுற பொம்பளையாளுக, லோடு ஆளுக, டிரைவர்மாரு, மொதலாளி உட்பட எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால நின்னு எம்பேரைப் போடு, எம்பேரைப் போடுன்னு நெரிச்சாக.

நான் யாரு பேச்சையும் கேக்கல. என் பேரைப் போட்டுக்கிட்டேன்.