பேருந்து நிலையத்தில் விலை ஏறிய கதை

அன்பும் மரியாதையும் கலந்த பெரிய அண்ணனுக்கு,

உங்கள் தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் நலம், என் தொண்டையைத் தவிர. அங்கே நீங்களும் அண்ணியும் நலமென்றும், உங்கள் முழங்கால் வலி மட்டும் நலிந்து போயிருக்கும் என்றும் நம்புகிறேன். முக்கியமான சங்கதியைக் கடைசியில்தான் சொல்வேன். அங்கே தாவிவிடாதீர்கள், உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக் கூடத்தில், இந்த வயதில் கல்லூரியில் சேரப் போகிறேன், வேலையையும் விடப் போவதில்லை என்று நான் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒண்ணு வேலை போகும், இல்லேன்னா படிப்பு போகும். ரெண்டும் சேர்ந்து போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "எந்தக் காலேஜ்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் முழுநேரக் கல்லூரி, பிற்பகலிலிருந்து பேருந்து நிலையத்தில் முழுநேர அறிவிப்பாளர் வேலை. கண்ணாடி அறை, ஒரு மைக், கிறீச்சிடும் மின்விசிறி, மடியில் பொருளாதாரப் புத்தகம். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்குமா? முதல் வருடம் வகுப்பில் கண்ணசந்த நேரம் பார்த்து வருகைப் பதிவில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் விருட்டென்று எழுந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்றேன். பாதி வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் பிளாட்பாரம் அக்கா.

அதுகூடப் பரவாயில்லை. இந்த வருடம் ஒரு நாள் மாலை, ஒரு பேருந்து புறப்படுவதை அறிவித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்து, புத்தகத்தைத் திறந்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும், சின்ன வயதிலிருந்தே உங்களுக்குத் தெரியும். "நாளை விலை ஏறும் என்று மக்கள் எதிர்பார்த்தால், இன்றே வாங்க முண்டியடிப்பார்கள்." இருபது வருடமாகப் பேருந்து நேரம் சொல்லிப் பழகிய அதே நிதானமான குரலில், நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை. நிமிர்ந்து பார்த்தால் டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் திருவிழாக் கூட்டம். ஒருவர் அடுத்த வாரத்துக்கும் சேர்த்து வாங்குகிறார், ஒரு அம்மாள் போகவே போகாத ஊருக்கு வாங்குகிறார். என்னமோ தெரியவில்லையே என்று நானும் பொறுப்பாக, "பயணிகள் வரிசையில் நின்று வாங்கவும்" என்று அறிவித்தேன். அதுவரை சந்தேகத்தில் நின்றவர்களும் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்தார்கள்.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"விலை ஏறுதுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

"பாடப்புத்தகம் சார்."

இன்னொரு முறை புத்தகம் மைக் பக்கம் வந்தால் வேலை இல்லை என்று மெமோ கொடுத்தார். நான் அன்று அழுதேன் அண்ணா, உங்கள் சிரிப்பு காதில் கேட்டது. ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் உறைத்தது: புத்தகத்தில் இருந்த வரி என் கண்ணெதிரே முண்டியடித்துக் காட்டியிருக்கிறது! கடைசி வருட ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவள், அந்தக் கூட்டத்தையே எழுதிக் கொடுத்தேன்.

அதற்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அதில் தோற்றால் பட்டம் கிடையாது. வேறு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் சிடுமூஞ்சி. எனக்கு முன்னால் போன பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "உங்க ஆய்வு எதைப் பத்தி?" என்றார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே பேசிப் பழகியவளுக்கு, மைக் இல்லாமல் ஆளைப் பார்த்துப் பேச வரவில்லை! அவர் மதிப்பெண் போடப் பேனாவை எடுத்துவிட்டார். மூன்று வருடமும் அந்தப் பேனா முனையில் தொங்கியது. மேசைமேல் கரும்பலகை டஸ்டர் கிடந்தது. எடுத்து வாயருகே பிடித்தேன், கண்ணை மூடினேன், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினேன். மூக்கில் சுண்ணாம்புத் தூள், ஆனாலும் முழு ஆய்வும் தங்குதடையின்றிக் கொட்டியது.

கண்ணைத் திறந்தால் பேராசிரியர் எழுந்து நிற்கிறார்.

"இந்தக் குரல்தானா! அன்னிக்கு அந்தக் கியூவுல நானும் நின்னேம்மா!"

தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரோ மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். "இதே பாடத்தைக் காலையில நடத்திட்டு, சாயங்காலம் அங்க வந்து வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினேன். ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாங்க!"

நான் பாஸ் அண்ணா. முதல் வகுப்பு! மெமோ கொடுத்த மேற்பார்வையாளரே மைக்கைப் பிடுங்கி நிலையம் முழுக்க அறிவித்தார். முன்பின் தெரியாத பயணிகள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சிலர் கவுன்ட்டருக்கு ஓடினார்கள்.

வேலையும் போகவில்லை, படிப்பும் போகவில்லை. ஆனாலும் இனிமேல் படிப்பு என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். புத்தகங்களைக் கட்டி அலமாரி மேல் போட்டாயிற்று. இனி ஒரே வேலை, முழுத் தூக்கம். அந்த மட்டில் நீங்கள் சொன்னதுதான் சரி என்று உங்கள் மனதைக் குளிர வைத்து, அண்ணிக்கு என் அன்பையும் உங்களுக்கு என் வணக்கத்தையும் தெரிவித்து முடிக்கிறேன்.

உங்கள் ஆசியை (சிரிப்பில்லாமல்) வேண்டும்,
தங்கை, பி.ஏ.

பின்குறிப்பு: இன்று காலை முதுகலையில் சேர்ந்துவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால், உங்கள் ஊரிலிருந்து முதல் பேருந்தில் வந்த அண்ணி நின்றார், இளங்கலை முதல் வருடம். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்தார். அறிவிப்பது என் தொழிலாயிற்றே, நானே சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். அண்ணனின் கனிவான கவனத்திற்கு: திங்கட்கிழமை முதல் காலைச் சமையல் உங்களுடையது.