கம்ப்யூட்டரில் பிளாட் போட்ட கதை

எனக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்று உண்டு என்பதை நரை விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். (அதுவும் பாதிதான் தெரியாது. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.)

எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் நான். நிலம் வாங்கி பிளாட் போட்டு விற்பது தொழில். ஆனால் இரணியல் சுற்றுவட்டாரத்தில் தோப்போ தரிசோ, எந்த விளையைக் காட்டினாலும் பாதை எங்கே, கிணறு எங்கே, எத்தனை பிளாட் விழும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். சர்வேயர் அளந்தாலும் அதுதான் வரும். (அவரிடமே கேட்டுப் பாருங்கள். மழுப்புவார்.) வெட்டுக்கத்தியோடு நின்ற அண்ணன் தம்பிகளைக்கூடத் தோளில் கைபோட்டுப் போகும்படி பங்கு பிரித்துவிட்டவன் நான்.

அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். மகன் ஜெபின் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. அவன் மஸ்கட் போனபின் அதில் இருந்தவை என் பிளாட் போட்டோக்களும், மகள் ஷைனியின் கல்யாணப் போட்டோக்களும்தான். ஆன் செய்துவிட்டு, சாயா போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குளச்சலிலிருந்து சம்மந்தி வீட்டார் வருகிறார்கள், ஆல்பத்துக்குக் கல்யாணப் படங்களைப் பார்த்துப் பொறுக்க. அவர்கள் முன்னால் இந்த ஆமையையா ஓட்டுவது?

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, விண்டோஸ் புதுசா போட்டா சரியாவும். பென்டிரைவ்ல எப்படி ஏத்தணும்னு வீடியோ அனுப்புகேன். ஹார்டு டிஸ்க்கு பங்கு பங்கா பிரிஞ்சு கெடக்கும். C-ய மட்டும் அழிச்சா போதும். D-லதான் ஷைனி கல்யாணம் இருக்கு. அதத் தொட்டுராதீங்க."

பங்கா! எனக்கு உடம்பு சிலிர்த்தது. "லேய் மக்கா, பங்கு பிரிக்கதுக்கு எனக்கே பாடமா? போன வை."

கல்யாணப் போட்டோக்காரர் கொடுத்த பென்டிரைவ் அலமாரியில் சும்மா கிடந்தது. அதில் இருப்பதுதான் D-யிலும் இருக்கிறதே! பென்டிரைவை அழித்து, அதில் விண்டோஸை ஏற்றினேன். (அந்தப் போட்டோக்காரர் கடையை ஒழித்துவிட்டுத் துபாய் போய்விட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். அதற்குப் பெயர்தான் தைரியம்.)

பென்டிரைவைச் செருகியதும் திரையில் பங்குகள் வரிசையாக வந்தன. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எவன் பிரித்தான் இதை? C-க்கு மூச்சுவிட இடமில்லை. D கால் நீட்டிப் படுத்திருக்கிறது. பிறகு கம்ப்யூட்டர் திணறாமல் என்ன செய்யும்? D-யில் கொஞ்சம் எடுத்து C-க்குக் கொடுத்தால் தீர்ந்தது.

பின்னால் என் மனைவி ஞானசெல்வம் வந்து நின்றாள். "அவன் D-யத் தொடாண்டாம்னு சொன்னானே?"

"D-யயா தொடுகேன்? எல்லக்கல்லத்தான் எடுக்கேன். கல்லப் பிடுங்குனா தென்னை பட்டுப்போவுமா?"

"இது தென்னை இல்ல. எம்பிள்ள கல்யாணம்."

"ரெண்டும் எடத்துலதான ஏட்டி நிக்குது!"

இரண்டு பங்குக்கும் 'டெலிட்' கொடுத்துக் கல்லைப் பிடுங்கினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. எந்த விளையை வாங்கினாலும் ஆட்சேபணை சொல்ல ஒருத்தன் வருவான். அதையெல்லாம் பார்த்தால் தொழில் நடக்குமா? ஓகே கொடுத்தேன்.

ஆண்டவரே, என்ன காட்சி! ஜேசிபி விட்டு நிரவிய பூமிபோல ஒரே வெளி. கைகள் பரபரத்தன. C-க்கு அகலமாக ஒரு பங்கு, D-க்கு அளவாக ஒன்று, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு E என்று ஒன்று. விண்டோஸ் ஏறியது. கம்ப்யூட்டர் பறந்தது! எழுந்து நின்று எனக்கு நானே கை தட்டினேன்.

D-யைத் திறந்தேன். ஒரு புல்லுகூட இல்லை. E-யைத் திறந்தேன். அங்கும் தரிசு. பெட்டியின் பின்பக்கத்தைக்கூட எட்டிப் பார்த்தேன்.

ஞானசெல்வம் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்க அக்கா கடசியா சிரிச்ச மொகம் அதுலதான் இருந்து," என்றாள். ஷைனி கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனவள் அந்த அக்கா.

சட்டையைக்கூட மாட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். தக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பெண் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிரிச்ச பெறவு இதுல வேற எதாவது ஏத்துனீங்களா அண்ணாச்சி?"

"விண்டோஸ் மட்டுந்தான்."

"அப்பம் படம் முக்கால்வாசியும் உள்ளதான் கெடக்கும். எது எங்க இருக்குங்குற அடையாளந்தான் அழிஞ்சிருக்கு. எடுத்துரலாம். ஆனா பேரும் வரிசையும் கிட்டாது."

"நான் அப்பமே சொன்னேம்லா! கல்லுதான் போச்சு, மரம் நிக்குது!" கடையே திரும்பிப் பார்த்தது. (நான் சொன்ன மீதிப் பாதி இதுதான்.)

ஞாயிற்றுக்கிழமை சம்மந்தி வீட்டார் முந்திரிக்கொத்துப் பலகாரமும் கையுமாகத் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். மாலையோடு ஷைனி. அடுத்தது, செப்டிக் டேங்க் குழி. ஆயர் கண்ணை மூடி ஜெபிக்கிறார். அடுத்தது, தென்னையை வேரோடு பிடுங்கும் ஜேசிபி. மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார். அடுத்தது, கிணற்றுக்குள்ளிருந்து சேறும் சகதியுமாக ஒரு தலை.

சம்மந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது யாரு? உங்க சைடா, எங்க சைடா?"

நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அடுத்த படம் வந்தது. பிரியாணித் தட்டோடு வாய்விட்டுச் சிரிக்கும் அக்கா.

"நிறுத்துங்க," என்றாள் ஞானசெல்வம். எழுந்துபோய் முந்தானையால் திரையைத் துடைத்தாள். திரையில் தூசி ஒன்றும் இல்லை. பிறகு அவளே, "செரி, போடுங்க," என்றாள். அடுத்த படத்தில், எல்லைக்கல்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்திருந்தேன் நான். முதலில் சிரித்தது அவள்தான்.

அன்று சாப்பிட்டுக் கைகழுவும்போது சம்மந்தியின் தம்பி ரகசியமாகக் கேட்டார்: "அந்தக் கெணறு வெட்டுன எடம் எங்க கெடக்கு?" இப்போது அங்கேதான் வீடு கட்டிக் குடியிருக்கிறார். மகள் கல்யாணப் படத்தைக் காட்டி பிளாட் விற்றவன் இந்த ஜில்லாவில் என்னைத் தவிர யாராவது உண்டா?

ஆல்பத்தில் அக்கா ஒரு முழுப் பக்கத்தில் சிரிக்கிறாள். எதிர்ப்பக்கத்தில் அந்த ஜேசிபி. மாப்பிள்ளை பிடிவாதமாகச் சேர்த்தது. யார் வந்து புரட்டினாலும் அதைக் காட்டி, "இது எங்க மாமாவுக்க சைடு," என்பார்.

நேற்று ஃபேன் சத்தம் போடுகிறதென்று ஸ்டூலை இழுத்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "கல்ல மட்டுந்தான எடுக்கப்போறிய?"

ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.