இருபத்திரண்டு டிகிரிப் போர்

காவிரி புரக்கும் சோழவளநாட்டில், தாளடி பச்சை கட்டிய வயல்கள் புடைசூழும் நீடாமங்கலத்தில், அரிசி மண்டி சித்தீக்கின் திருமகளாய்த் தோன்றி, தஞ்சைப் புறநகர்க் கல்லூரியொன்றின் ஆய்வுக்கூடத்தில் நான்காண்டு தவமியற்றி, வைரத்தின் ஊனத்தையே வரமெனக் கொண்டாடும் வீராங்கனை ரிஃப்காவின் வெற்றிப்புகழ் வாழ்க.

உலகோர் மாசற்ற வைரம் வேண்டுவர். இவளோ மாசுள்ள வைரமே வேண்டினாள். அணுவொன்று விடுபட்ட வெற்றிடமும் அதன் அருகமர்ந்த நைட்ரஜனும் சேர்ந்து உமிழும் செவ்வொளியே அவள் செல்வம். இருவேறு வைரங்களின் ஒளியை, மின்னழுத்தக் குமிழைத் திருகித் திருகி ஒரே நிறமாக்க வேண்டும். ஆக்கினால் வருங்காலக் குவாண்டம் கணினிகள் அவ்வொளிவழியே உறவாடும், அவளுக்கும் முனைவர் பட்டம் கிட்டும். அவ்வொளியைத் தூண்டச் சென்னையிலிருந்து இரவல் வந்த லேசரோ மறுநாட்காலை ஊர் திரும்பும்.

இத்தகு உலகப்பணிக்கு நிர்வாகம் உவந்தளித்தது பாதி அறை. பலகைத் தடுப்புக்கு அப்பால் வீற்றிருந்தார், கோப்புக்கடல் நீந்திய அலுவலகக் கண்காணிப்பாளர் துரைராசு. இருவருக்கும் ஏசி ஒன்று. ரிமோட்டெனும் செங்கோலோ அவர் கையில். அறைச்சூடு ஒரு டிகிரி ஏறினும் மேசைமேல் கண்ணாடிகள் மயிரிழை நகரும். ஒளி இலக்குத் தப்பும். கண்ணாடிகளை இசைத்துவைத்த இருபத்திரண்டையே அவள் வேண்டினாள். அவர் இருபத்தேழு அருளினார்.

"அதுக்குக் கீழ போனா முழங்கால் பிடிச்சுக்கும்மா. வைரம் தாங்கும், நான் தாங்கணுமே," என முழங்கினார் துரைராசு.

"ஒரே ஒரு மணி நேரம் சார். அப்புறம் நீங்க அடுப்பே மூட்டிக்குங்க," என அறைகூவினாள் ரிஃப்கா.

அவர் செவிசாய்த்தாரில்லை. காலை முதல் மும்முறை நெருங்கிய நிறங்கள் மும்முறையும் புறமுதுகிட்டோட, படையிழந்த வேந்தனென அவள் நெஞ்சு கொதித்தது. பிற்பகல் மூன்றுக்கு, ரிமோட்டை மேசைமேல் மறந்து துரைராசு டீக்கு எழுந்தருளினார். கணமும் தாழாத ரிஃப்கா ஸ்டூலேறி, தடுப்பின்மேல் வயிறழுந்தக் கவிழ்ந்து, களிற்றின் தந்தம் பறிக்கும் மறவனெனக் கைநீட்டி அதைக் கவர்ந்து, இருபத்திரண்டை நிறுவி, இரு பேட்டரிகளையும் உருவிக்கொண்டு, வெற்றுடலை இருந்த இடத்திலேயே கிடத்தினாள்.

மீண்ட துரைராசு அழுத்தினார், தட்டினார், துண்டால் காதை மூடினார்.

"ரிமோட்டு வேலை செய்யலையேம்மா."

"அப்படியாங்க சார்," என்றாள். பேட்டரி இரண்டையும் மேசை இழுப்பறையுள் சிறையிட்டாள்.

குளிர்ந்தது அறை, நிலைத்தன கண்ணாடிகள், திரையிலே தனித்தனிக் குன்றுகளாய் நின்ற இரு ஒளிக்கோடுகள், இரு வாய்க்கால் நீர் ஒரு மதகில் கூடினாற்போல் மெல்ல நெருங்கி, ஒன்றன்மேலொன்று பொருந்தி, ஒரே சிகரமாயின. முரசில்லை, சங்கில்லை, தடுப்புக்கு அப்பாலிருந்து எழுந்த தும்மலொன்றே திசையெட்டும் அதிர்ந்த வெற்றிமுழக்கம்.

மறுநாள் துரைராசு சளி என்று லீவு போட்டார்.