நாலு எம்.பி.யில் அடங்காத பாட்டு

மரியாதைக்குரிய ராஜேந்திரன் மாமா அவர்களுக்கு, அடி அண்ணாமலையிலிருந்து மைத்துனன் வேடியப்பன் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் ஜோதியும் நலம். கம்ப்யூட்டருக்குத்தான் நலமில்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் பேசக் கூடாது என்பதால் போன் செய்யவில்லை. நான் மட்டுமே பேசினால் அது சண்டை மாதிரி இருக்கும்.

விஷயம் உங்கள் அறுபதாம் கல்யாண வீடியோ. வீடியோ எடுத்த தருமன் துபாய் போகுமுன் எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, கேமரா கார்டுகளைச் சுத்தமாக அழித்துவிட்டுப் போனான். மாலையும் கழுத்துமாக அக்காவைப் பார்த்து நீங்கள் பாடினீர்களே, அதுவும் அதில்தான். இனிப் பாட்டே வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அந்தப் பாட்டு ஒன்றுதான் நமக்கு மிச்சம். எடிட் செய்து தருகிறேன் என்று சபையில் வாக்குக் கொடுத்தவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை, இடமில்லை என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவனிடம் இடமில்லை என்றால் அளந்து பார்க்காமல் விடுவேனா? அளந்தேன். தருமன் எடுத்தது 212 ஜி.பி. நான் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த ப்ராஜெக்ட் ஃபைலோ வெறும் நாலு எம்.பி.! அதைப் போல இருநூற்றைம்பது சேர்ந்தால்தான் ஒரு ஜி.பி. அத்தனை கூட்டத்தையும் பந்தியையும் இதற்குள் மடித்து வைத்திருக்கிறதே, எப்படி என்று வியந்து வியந்து பார்த்தேன். பிறகு, பழைய மூட்டை எதற்கு என்று 212-ஐயும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, காபி குடித்துவிட்டு வந்து திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஃபைலைக் காணோம் என்று எழுதியிருக்கிறது. எட்டிப் பார்த்த ஜோதி, "என்னங்க, அண்ணி மேல பெயிண்ட ஊத்திட்டீங்களா?" என்றாள்.

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் செங்கம் ரோட்டுக்குப் போனேன். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோ எடிட் செய்து தரும் சினேகா என்ற பெண் அங்கே இருக்கிறாள்.

"சார், இந்த நாலு எம்.பி.ல படமே கெடையாது. எந்தக் காட்சி எங்கருந்து எதுவரைக்கும்னு எழுதி வெச்ச குறிப்புதான் இது."

"புலப்படம் மாதிரியாம்மா? வரைபடம் ஆபீஸ்ல இருக்கும், நிலம் ஊர்ல இருக்கும்."

"கரெக்ட் சார். நீங்க நிலத்தையே அழிச்சிட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது, மாமா. ஆனாலும் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். "அப்ப இன்னொண்ணு தொண்ணூறு ஜி.பி. நிக்குதே, அது என்னம்மா?"

"அது கேஷ் சார். படம் வேகமா ஓடறதுக்காக அதுவா சேத்து வெக்கிறது. அதத்தான் அழிச்சிருக்கணும். போனாலும் தானா திரும்ப வந்துடும்."

"கேஷ்னு பேர் இருந்துச்சா, பணம் சமாச்சாரம்னு நெனச்சுப் பத்திரமா விட்டுட்டேம்மா."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். வேறொரு ஃபோல்டரைத் திறந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், உங்க மெஷின் திணறக் கூடாதுன்னு சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணுக்கும் சின்னதா ஒரு நகல் போட்டு வெச்சிருக்கு. படம் மங்கலாத்தான் இருக்கும். சத்தம் முழுசா இருக்கும்." அந்த நகல்களை என் குறிப்போடு இணைத்தாள். சிவப்பு ஒவ்வொன்றாக விலகியது. உங்கள் குரல் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

படம் தெளிவாக இராது. தப்பு முழுக்க என்னுடையது, மன்னிக்க வேண்டும். அக்காவிடம் இப்போது சொல்லாதீர்கள், நானே நேரில் வந்து காலில் விழுகிறேன். அண்ணாமலையார் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், என் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் இடமும் தரட்டும்.

பணிவுடன்,
வேடியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அக்கா போன் செய்தாள். படத்தை முடித்து போனுக்கு அனுப்பச் சொல்லி, சினேகாவிடம் என் நம்பர் என்று நினைத்து அக்கா நம்பரைக் கொடுத்திருக்கிறேன். படம் நேற்றே அங்கு வந்துவிட்டதாம். "மங்கலா இருக்கறதே நல்லதுடா, எனக்கு வயசு கம்மியா தெரியுது" என்று சிரித்தாள். காலையிலிருந்து ஏழு தடவை போட்டுவிட்டீர்களாம். சத்தம் வராமல் கூடவே வாயசைக்கிறீர்களாம். ஆகையால் மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், மாமா. எட்டாவது தடவை போடுங்கள்.