சொந்த வாசலில் எழுபத்திரண்டு மணி நேரம்

மினசோட்டா,
மார்ச் 14, சனிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் அன்பான தங்கை லவோனுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நான் நலம். உன் அத்தான் வெர்லின், இடுப்புப் பிடிப்பு நீங்கலாக நலம். நீயும் உன் வீட்டுக்காரர் கெய்லர்டும் புதிதாய்ப் பிறந்த கன்றுகளும் இந்தக் குளிரைச் சேதமில்லாமல் தாண்டிவரத் தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

போனில் சொல்லாமல் எழுதக் காரணம், போன் என்றால் நான் பாதி சொல்வதற்குள் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். திங்கள் காலை பத்து மணியிலிருந்து ஐந்து வாரத்துக்கு, உன் பண்ணைக் கொட்டகையில், மின்சாரம் வரும் பக்கமாக, நாங்கள் குடியிருந்தே ஊர் சுற்றும் வண்டிவீட்டை நிறுத்த இடம் வேண்டும். விதைப்பு இயந்திரத்தைக் கெய்லர்ட் கொஞ்சம் நகர்த்தினால் போதும். நீ மறுத்தால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. ஏரிக்கரை முகாமில் குழாய்களெல்லாம் உறைந்து கிடப்பதால் மே மாதம்தான் திறப்பார்கள். ஐந்து வாரம் ஓட்டலில் தங்க எங்களுக்கு வசதி கிடையாது.

சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஏன் போக்கிடம் இல்லை என்கிறாள் என்று நீ கேட்பாய்.

ஊர் சுற்றக் கிளம்பிய இந்த இருபத்தொரு மாதத்தில் நடந்ததை எல்லாம் எழுதினால் தாள் போதாது. அரிசோனாவில் கழிவுநீர்க் குழாயைக் கழற்றாமலே அத்தான் வண்டியை எடுத்துவிட்டார், முகாமில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள், பாராட்டு என்று நினைத்து இவரும் கையசைத்தார். அடுத்து நியூ மெக்சிகோவில் பக்கவாட்டுப் பந்தலைச் சுருட்ட மறந்து கிளம்பி, ஒரு பெட்ரோல் பங்க்கின் பெயர்ப்பலகையில் பாதியைக் கூடவே கொண்டுவந்தோம். கடைசியாக நெப்ராஸ்காவில் கியர் பெட்டி போயிற்று. வழியில் பார்த்த எந்த மெக்கானிக்கையும் நம்பாமல், நம்மூர் ஆர்லோதான் கை வைக்க வேண்டும் என்று மணிக்கு முப்பது மைல் வேகத்தில், நான் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே வர, வியாழன் நண்பகல் நம் வீட்டு முற்றத்தில் வந்து நின்றோம். ஆர்லோ அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சாமான் வர அஞ்சு வாரம் ஆகும், அதுவும் வந்தா" என்றான்.

வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பது ஜோலீனும் அவள் கணவன் கர்ட்டும். டெக்ஸஸ்காரர்கள். அவன் காற்றாலைக் கோபுரம் ஏறுகிறவன். வக்கீலுக்குத் தண்டம் அழுவானேன் என்று நூலகப் புத்தகத்தைப் பார்த்து வாடகை ஒப்பந்தத்தை நானேதான் எழுதினேன். நாற்பத்தொரு விதிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஜெபம். பதினேழாவது விதி, முற்றத்தில் எந்த முகாம் வண்டியும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பக்கத்து வீட்டு மருமகன் வண்டியால் புல் செத்துப்போனதை நீயும்தான் பார்த்தாயே. அது எங்களுக்கே வந்து விடியும் என்று எந்த ஜெபத்திலும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

வியாழன் மாலை ஜோலீன் காபியோடு வண்டிக்கு வந்தாள். "மேடம், பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்கு. உள்ள வந்து தங்குங்க" என்றாள். "அய்யோ வேணாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். "சிரமமே இல்ல மேடம். இப்படிக் குளிருதே." "இல்லம்மா, வண்டியில சௌகரியமாத்தான் இருக்கோம்." கையுறையோடு காபிக் கோப்பையைப் பிடித்தபடிதான் இதைச் சொன்னேன். மூன்றாம் தடவை கேட்டதும் "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்று எழுந்துகொள்ளலாம் என்று பெட்டியைக்கூடப் பாதி மூடி வைத்திருந்தேன், நம் பக்கத்து மனுஷர் யாராயிருந்தாலும் அப்படித்தானே? அவள், "சரி மேடம், உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏம்மா, வேணாம்னா அவ வேணாம்னுதான் எடுத்துப்பா. ரெண்டு தடவ கேட்டதே பெருசு" என்றார் அத்தான்.

"அப்ப நீங்க வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"என்னய எவ கேட்டா?"

இருபத்து மூன்றாவது விதிப்படி, வீட்டின் சொந்தக்காரர் உள்ளே நுழைய ஒரு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வண்டியில் தண்ணீர் உறைந்துவிட்டதால், நாளைக் காலை ஏழு மணிக்குக் குளிக்க வருகிறோம் என்று இன்று காலை ஏழுக்கே எழுதிக் கதவிடுக்கில் செருகுகிறேன். "மேடம், சும்மா கதவத் தட்டுங்க, போதும்" என்று ஜோலீன் சிரிக்கிறாள். எழுதினவளே மீறினால் வாடகைக்கு இருக்கிறவள் எதை மதிப்பாள்?

நேற்று அவளே தயங்கித் தயங்கி ஒப்பந்தத்தோடு வந்தாள். கர்ட்டின் லாரியை எங்கள் வண்டி அடைத்து நிற்கிறதாம், அவன் அன்று காலை ஐந்துக்கு இரண்டு மைல் நடந்துபோய் இன்னொருவன் வண்டியில் ஏறினானாம். "நீங்க எழுதினதுதான் மேடம்" என்று பதினேழைக் காட்டினாள். கணக்குப்படி ஞாயிறு நண்பகல் கெடு. ஓய்வுநாளில் வண்டி இழுக்க விடமாட்டேன் என்றதும், திங்கள் வரை தள்ளிக் கொடுத்தாள். நல்ல பெண்தான். இருந்தாலும், என் முற்றத்தில் எனக்கே அவள் தவணை கொடுக்கிறாள், பார்.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். மே முப்பத்தொன்றில் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஆண்டவர் அழைக்கும்வரை என் சமையலறையை விட்டு நகரப்போவதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊர் சுற்றாதே என்று நீ அப்போது சொன்னது சரி. இதை இந்த ஒரு தரம்தான் எழுதுவேன்.

ஆர்லோ திங்கள் காலை எட்டுக்கு உன் வாசல் வழியாக முட்டை வாங்கப் போகும்போது இந்தக் கடிதத்தைக் கையில் தருவான். பதிலை அவனிடமே சொல்லிவிடு, ஆம் என்றால்தான் பத்துக்கு வண்டியை இழுத்துவருவான். உன் வீட்டிலும் தொழுவத்திலும் சமாதானம் தங்குவதாக. கெய்லர்டுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அக்கா ஆர்டிஸ்

பி.கு.: ஞாயிறு மதியம். ஆராதனை முடிந்து வந்தோம். ஜோலீன் படியில் உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. "மேடம், ராத்திரியெல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம். இது உங்க வீடு. கேட்டா இந்த மாசக் கடைசியிலயே காலி பண்ணிடுறோம். வேணுமா?" என்றாள். "வேணாம்மா" என்றேன். அவள் உடனே நம்பி என்னைக் கட்டிக்கொண்டாள், உள்ளே ஓடிக் கர்ட்டைக் கூப்பிட்டாள். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. மேலே வீடு, விற்பனை, சமையலறை என்று எழுதியதை எல்லாம் நீயே அடித்துவிட்டு வாசி. கொட்டகை மட்டும் வேண்டும், ஐந்து வாரம், அதற்குப் பிறகு ஓரிகனுக்குக் கிளம்புகிறோம். வீட்டை ஏன் அவளுக்கே விட்டாய் என்று அத்தான் கேட்டார், புல்லை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டில் முப்பத்தொரு வருஷம் அவர் ஒரு அறையில் செய்தித்தாளோடு, நான் ஒரு அறையில் தையலோடு இருந்தோம். வண்டியில் எதிரெதிரே உட்காரத்தான் இடம். மனுஷன் பேசுகிறார், லவோன்.